செட்டிபாளையமா, இருங்காட்டுக்கோட்டையா? அதற்கு முன்னால், எந்த வண்டியில்?

கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்திலும் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் ரேஸ் ட்ராக் இருக்கிறது; சொந்தக் காரை வேகமாக ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிற திருநெல்வேலிக்காரன் எதற்குப் போவது என்பதுதான் பேச்சு. முதலில் நாலுவழிச் சாலையை எடுத்து ஓரமாக வைத்துவிடுவோம். நாங்குநேரி தாண்டினால் காவல்கிணறு வரைக்கும் ரோடு நேராகக் கிடக்கிறது, ராத்திரி பதினொன்றுக்கு மேல் வண்டியும் குறைவு, அங்கேயே ஒரு மிதி மிதித்துப் பார்த்தால் போச்சு, இதற்குப் போய் எதற்கு கோயம்புத்தூர் வரைக்கும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். அந்த ரோட்டில் மீடியன் இடைவெளி வழியாக எதிர்த்திசையில் வரும் எக்ஸல் வண்டிக்கு லைட் இருக்காது. பணகுடிப் பக்கம் ஓரங்கட்டிவிட்டுத் தூங்கும் லாரிக்குப் பின்விளக்கு இருக்காது. ஆனி ஆடி என்றால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும், நூறில் போகும்போதே ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்; முப்பந்தலில் காற்றாலையைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள். அப்புறம் சட்டம் ஒன்று இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவுப்படி பொதுச் சாலையில் பந்தயம் விட்டாலோ வேகச் சோதனை நடத்தினாலோ முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செங்கோட்டை மலைப்பாதைக்கும் இதே பதில்தான். அங்கே கேரளாவுக்கு லோடு ஏற்றிப் போகிற லாரிகள் வேறு.

ஆக, ட்ராக்தான். வார இறுதியில் நடக்கும் ட்ராக் டே என்பது பந்தயம் இல்லை, பரிசும் கோப்பையும் கிடையாது. காசு கட்டினால் உங்கள் வண்டியையே ட்ராக்கில் ஓட்ட விடுவார்கள். காலையில் உட்காரவைத்துக் கொடி எல்லாம் விளக்குவார்கள் (மஞ்சள் காட்டினால் மெதுவாக, யாரையும் முந்தக் கூடாது, சிவப்பு காட்டினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள், வண்டிகள் நிற்கிற பிட்டுக்கு நிதானமாகத் திரும்பணும், நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விடு). புதியவர், பழகியவர் என்று பிரித்து, பதினைந்து இருபது நிமிடம் வீதம் முறை வைத்து அனுப்புவார்கள். அவ்வளவுதான் விஷயம்.

என் மச்சினன் வள்ளியூரில் இருக்கிறான். பிஎம்டபிள்யூ எம்340ஐ வாங்கிய நாளிலிருந்து அவன் என்னிடம் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: "அத்தான், கோயம்புத்தூரா சென்னையா?" ஊரில் புதிதாக வேகமான வண்டி வாங்கிய பையன்கள் எல்லாருமே இதைத்தான் கேட்கிறார்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கேள்வியே இடம் மாறி விழுகிறது என்பது என் கட்சி. எந்த ட்ராக் என்பது இரண்டாவது. எந்த வண்டியில் போகிறோம், அந்த வண்டி அன்றைக்கு ராத்திரி நம்மை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேருமா என்பதுதான் நெல்லைக்காரனுக்கு முதல் கேள்வி. கோயம்புத்தூர்க்காரர் வண்டி மக்கர் பண்ணினால் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார். நமக்கு முன்னால் கிடப்பது ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு டோல்கேட் என்று 350 கிலோமீட்டர்.

போன தடவை செட்டிபாளையத்துக்கு மூன்று வண்டி போனோம். மச்சினனின் எம்340ஐ, என்னுடைய ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி, அப்புறம் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் நான் வண்டி விடுகிற ஒர்க் ஷாப் அண்ணாச்சியின் பழைய ஸ்விஃப்ட். அண்ணாச்சிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அந்த ஸ்விஃப்ட் 1.2 லிட்டர் பெட்ரோல், ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டர் ஓடியது, கண்ணாடியில் ஒட்டின நெல்லையப்பர் ஸ்டிக்கர் பாதி உரிந்திருக்கும். இந்த மூன்றையும் ஒரே நாளில், ஒரே ட்ராக்கில் பார்த்ததால் சொல்கிறேன், கேள்விப்பட்டு இல்லை.

எம்340ஐ பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ, 374 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் இழுவை, நாலு சக்கரத்துக்கும் பவர் போகிறது. வளைவிலிருந்து வெளியே வந்து மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அது 1,700 கிலோவுக்கு மேல் எடை உள்ள வண்டி, அதை நிறுத்தியாக வேண்டும். நேர்ப்பாதை முடிவில் அது 160-இல் வந்து 60-க்கு இறங்குகிறது, ஸ்விஃப்ட் 120-இல் வந்து அதே 60-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வேகத்தினால் மட்டும் இரண்டு மடங்கு, எடையினால் இன்னொரு ஒன்றே முக்கால் மடங்கு, பெருக்கினால் மூன்றரை மடங்கு சூடு. ஒவ்வொரு தடவை பிரேக்கை மிதிக்கும்போதும் அவ்வளவும் பிரேக் டிஸ்க்கிலும் அதைக் கவ்வுகிற பேடிலும்தான் போய் இறங்குகிறது. அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், ஏனென்றால் செட்டிபாளையம் சின்ன ட்ராக்.

நாலாவது ரவுண்டு முடிவில் அவன் உள்ளே வந்தான். கண்ணாடியை இறக்கி, "அத்தான், வண்டி நிக்க மாட்டேங்கு" என்றான். முகம் வெளுத்திருந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தாலே கருகல் வாடை. அண்ணாச்சி ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, பெடல் கல்லு மாதிரி இருந்து நிக்கலையா, இல்ல பஞ்சு மாதிரி உள்ள போச்சா?"

இந்தக் கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடு சூடேறிப் பிடிமானம் போய்விட்டது. இரண்டு ரவுண்டு மெதுவாகப் போய் ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்பி வரும். பெடல் பஞ்சாக உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று அர்த்தம். ஆயில் கொதித்தால் குமிழி வரும், குமிழி அமுங்கும், நீங்கள் மிதிக்கிற மிதி குமிழியை அமுக்கவே சரியாகப் போகும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. டாட் 4 என்கிற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும். அது காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும் சாமான், குடித்தபிறகு 155 டிகிரிக்குத்தான் உத்தரவாதம். நம்ம பக்கம் பட்டறைகளில் பிரேக் ஆயில் குறைந்தால் மேலே ஊற்றுவார்கள், முழுசாக வடித்து மாற்றுவது அபூர்வம். மச்சினன் வண்டியில் இரண்டரை வருஷ ஆயில். ஓட்டுகிறவனுக்கு அதைக் கேட்கணும் என்று தெரியாது, சர்வீஸ் பண்ணினவர்களுக்கு இவன் ட்ராக்குக்குப் போகிறான் என்று தெரியாது.

என் விர்டஸுக்கு வருகிறேன். ஒன்றரை லிட்டர் டர்போ, 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர், கையால் போடுகிற ஆறு கியர். இந்த அளவுப் பவர்தான் சின்ன ட்ராக்குக்குச் சரி என்று எனக்குப் படுகிறது. ஆனால் பின்னால் டிஸ்க் கிடையாது, டிரம்தான், முன் பிரேக்தான் பெரும்பாலான வேலையைப் பார்க்கிறது. போவதற்கு முன்னால் டாட் 4 ஆயிலை முழுசாக மாற்றிவிட்டு, ஐந்து ரவுண்டுக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டுவதில்லை என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டு ஓட்டினேன். தாக்குப் பிடித்தது. என்ன, ஓட்டும்போது மனசு முழுக்க இன்னும் பாக்கி இருக்கிற இ.எம்.ஐ.யில்தான் இருந்தது. இதைச் சிரித்துக்கொண்டு எழுதினாலும் ஒப்பீட்டில் இதற்குப் பெரிய இடம் உண்டு. வண்டிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டே ஓட்டுகிறவன் பிரேக்கை நூறு மீட்டர் முன்னாலேயே மிதிப்பான், வளைவில் நடுங்கி நடுங்கித் திருப்புவான், சாயங்காலம் வரும்போது ஒன்றும் கற்றிருக்க மாட்டான்.

அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. நம்ம பிரைவேட் கார் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள், எதற்கெல்லாம் செல்லாது என்ற இடத்தில் பந்தயம், வேகச் சோதனை என்று வரிசையாகப் போட்டிருக்கும். ட்ராக்கில் சுவரில் தேய்த்துவிட்டு வந்து, கயத்தாறு பக்கத்தில் மாடு குறுக்கே வந்தது என்று கதை கட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அது மோசடி, மாட்டிக்கொண்டால் பாலிசியே போகும். ட்ராக்கில் ஆகிற சேதம் நம்ம பாக்கெட்டிலிருந்துதான் என்று முடிவு கட்டிக்கொண்டு கிளம்பணும். அப்படி முடிவு கட்டினால் எம்340ஐயின் ஒரு ஹெட்லைட் விலைக்கும் பழைய ஸ்விஃப்டின் முன்பக்கம் முழுக்க டிங்கரிங் பண்ணுகிற விலைக்கும் உள்ள வித்தியாசம் தானாகக் கண்ணில் படும்.

இப்போது அண்ணாச்சியின் ஸ்விஃப்ட். எண்பத்துச் சொச்சம் குதிரைத்திறன், ஆயிரம் கிலோவுக்குள் எடை. அவர் செய்திருந்த வேலை மொத்தமே இவ்வளவுதான்: புது பிரேக் ஆயில், புது முன் பேடு, நாலும் ஓரளவு நல்ல டயர், ஸ்டெப்னியும் ஜாக்கியும் ரூமில் இறக்கிவைத்தது, வீல் நட்டு ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்சு வைத்து முடுக்கியது. காற்றைக் காலையில் வழக்கத்தைவிட மூன்று பி.எஸ்.ஐ. குறைத்தே வைத்தார், ஓட ஓட டயர் சூடேறி அது தானாக ஏறிவிடும் என்று. முதல் முறை முடிந்து வந்ததும் அளந்தால் ஐந்து பி.எஸ்.ஐ. ஏறியிருந்தது, திரும்பவும் கொஞ்சம் இறக்கினார். நேர்ப்பாதையில் எல்லாரும் அவரை முந்தினார்கள். நீலக் கொடி காட்டினால் சிரித்துக்கொண்டே கையைக் காட்டி வழி விடுவார். வளைவில் மட்டும் வேறு ஆள். ட்ராக்கோரம் நின்று பார்க்கிறேன், வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு ஒரு விரல்கடை எழும்பி, டயர் மெல்லிசாக முனகுகிறது, அந்த முனகல் அலறலாக மாறாமல் வளைவு முழுக்க அப்படியே பிடித்துக்கொண்டு போகிறார். பகல் முழுக்க இப்படி ஓட்டினார். எத்தனை ரவுண்டு என்று எண்ணவே இல்லை. சாயங்காலம் ஸ்டெப்னியை ஏற்றிப் பூட்டினார், சாத்தூரில் டீ குடித்தார், பதினொன்றரைக்கு வண்ணாரப்பேட்டையில் இருந்தார்.

மச்சினன் வண்டி அன்றைக்குத் திரும்பி வரவில்லை. ஆறட்டும் என்று நிறுத்தின வண்டியில் பார்க்கிங் பிரேக் பிடித்தபடியே ஒரு மணி நேரம் கிடந்தது, அதுவும் தப்பு (சூடான டிஸ்க்கைப் பேடு கவ்விக்கொண்டே இருந்தால் அந்த இடம் மட்டும் வேறு விதமாக ஆறும், அப்புறம் பிரேக் பிடித்தால் வண்டி உதறும், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துவதுதான் முறை). முன் பேடு பாதிக்கு மேல் போயிருந்தது. அதன் பேடு வண்ணாரப்பேட்டையில் தொங்குகிற சாமான் இல்லை. கோயம்புத்தூரிலேயே ஆயிலும் பேடும் மாற்ற விட்டுவிட்டு, என் வண்டியில் பின்சீட்டில் படுத்துக்கொண்டு வந்தான். அடுத்த வாரம் ரயிலேறிப் போய் எடுத்து வந்தான்.

இன்னொரு வழி, நம்ம வண்டியே வேண்டாம், ரேஸ் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பயிற்சிப் பள்ளி வண்டியில் ஓட்டுவது. இதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம். ஒற்றைச் சீட்டு ஃபார்முலா வண்டி, சக்கரம் நாலும் வெளியே தெரியும், ஹெல்மெட், பாதுகாப்பு உடை எல்லாம் அவர்களே தருவார்கள், வெளியே நின்று பார்த்துத் தப்பைச் சொல்ல ஆள் இருக்கும். கட்டணத்தைப் பார்த்தால் முதலில் அதிகமாகத்தான் தெரியும். நம்ம டயர் தேய்மானம், பேடு, ஆயில், மனக்கிலேசம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அப்படி ஒன்றும் அதிகம் இல்லை. நாகர்கோவிலில் இருந்து கோவைக்குப் போகும் ராத்திரி ரயிலில் ஏறிப் படுத்தால் காலையில் அங்கே இறங்கிவிடலாம், 700 கிலோமீட்டர் ஓட்டுகிற அலுப்பும் மிச்சம். ஒரே ஒரு சிக்கல், அந்த வண்டிக்குள் இடுப்பு இறங்கணும். எனக்கு இறங்கவில்லை. இரண்டு பேர் தோளைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார்கள், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

சின்ன இஞ்சினில் கற்றுக்கொள்வதைக் குறைச்சலாக நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. செட்டிபாளையம் ட்ராக்குக்குப் பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே, எஸ். கரிவர்தனின் நினைவாக வைத்த பெயர். கோயம்புத்தூர்க்காரர், 1995-இல் விமான விபத்தில் இறந்தவர். மாருதி 800 இஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒற்றைச் சீட்டுப் பந்தய வண்டி கட்டினவர் அவர்தான். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டின முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டினது அந்த ஃபார்முலா மாருதியில், ஸ்ரீபெரும்புதூர் ட்ராக்கில், அதாவது இதே இருங்காட்டுக்கோட்டையில். 800 இஞ்சினில் ஆரம்பித்தவர் போன தூரம் அது. நாம் 374 குதிரையில் ஆரம்பிக்கணும் என்று நிற்கிறோம்.

சரி, ட்ராக். செட்டிபாளையம் சுமார் 2.1 கிலோமீட்டர். நேர்ப்பாதை குறைவு, வளைவு அடுத்தடுத்து. ஒரு வளைவில் தப்புப் பண்ணினால் ஒன்றரை இரண்டு நிமிடத்தில் அதே வளைவு திரும்ப வரும், அதே தப்பைத் திருத்திப் பார்க்கலாம், புதியவருக்கு இதைவிட என்ன வேண்டும். பெரிய வண்டிக்கு அது பத்தாது என்கிறார்கள், உண்மைதான், எம்340ஐ அங்கே முழு வேகத்தை எடுப்பதற்குள் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும், அதனால்தான் பிரேக்கும் அப்படிச் சூடேறுகிறது. இருங்காட்டுக்கோட்டை ட்ராக், 1990-இல் திறந்தது, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புடையது, 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. அதற்கு முன்னால் சோழவரம் விமான ஓடுபாதையில் பந்தயம் விட்டுக்கொண்டிருந்த கிளப்தான் அது. வேகத்தோடு எடுக்க வேண்டிய வளைவுகள் அங்கே அதிகம். பவர் உள்ள வண்டிக்கு அதுதான் இடம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேகமான வளைவில் செய்கிற தப்பு மெதுவான வளைவில் செய்கிற தப்பு மாதிரி இருக்காது. வண்டி சுற்றி நிற்பதற்குள் ரொம்ப தூரம் போயிருக்கும்.

தூரத்தையும் பாருங்கள். இங்கிருந்து இருங்காட்டுக்கோட்டை 600 கிலோமீட்டர் சொச்சம், ஒரு வழி மட்டும். சனிக்கிழமை பூராவும் ரோட்டில், ஞாயிற்றுக்கிழமை ட்ராக், திங்கட்கிழமை திரும்ப, ஆக ஒரு நாள் லீவு நிச்சயம் போடணும். சென்னை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். டர்போ வண்டி சூட்டில் பிக்கப்பை இழக்கும், ஏ.சி.யை அணைத்துவிட்டு ஹெல்மெட் போட்டு இருபது நிமிடம் உட்கார்ந்தால் நாமும் இழப்போம். கோயம்புத்தூரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொஞ்சம் கருணை காட்டும். கருமத்தம்பட்டிப் பக்கம் சுமார் 3.8 கிலோமீட்டரில் புதிதாக ஒரு ட்ராக் வந்திருக்கிறது, சென்னை நீளம், கோயம்புத்தூர் தூரம், கேட்கவே நன்றாக இருக்கிறது. நான் இன்னும் ஓட்டவில்லை, அதனால் வாயை மூடிக்கொள்கிறேன். டெல்லிப் பக்கம் கிரேட்டர் நொய்டாவில் 5.125 கிலோமீட்டர் புத் சர்க்யூட் இருக்கிறது என்று மச்சினன் ஒரு தடவை ஆரம்பித்தான். வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பவா என்று கேட்டதும் விட்டுவிட்டான்.

என் செலவுக் கணக்கு, விர்டஸில் செட்டிபாளையம் போய்வர: ரோட்டில் 700 கிலோமீட்டருக்கு 47 லிட்டர், ட்ராக்கில் 90 கிலோமீட்டர்தான் ஓட்டினேன், அதற்கே 18 லிட்டர் குடித்தது. ஆக 65 லிட்டர் பெட்ரோல், டோல், சனிக்கிழமை ராத்திரி ரூம், நுழைவுக் கட்டணம், பிரேக் ஆயில். டயர் தேய்ந்ததை எழுதவில்லை, வீட்டில் யாராவது படித்துவிடுவார்கள். அப்பா கேட்டது வேறு: "ஏலே, வட்டம் அடிக்கதுக்கா கோயம்புத்தூர் வரைக்கும் போற? இங்கன வ.உ.சி. மைதானத்தச் சுத்துனா ஆவாதா?"

என்னைக் கேட்டால், முதல் தடவை இடுப்பு இறங்குகிறவர்கள் ரயிலேறிப் பள்ளி வண்டிக்குப் போங்கள். இறங்காதவர்கள், அல்லது சொந்த வண்டிதான் வேண்டும் என்கிறவர்கள், பழைய சின்ன பெட்ரோல் வண்டி ஒன்றைச் செட்டிபாளையத்துக்குக் கொண்டு போங்கள், யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொண்டு போவதென்றால் எதற்கு என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். விர்டஸ், ஐ20 என் லைன் மாதிரி நடுத்தர வேக வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டாவது தடவைக்கு அதையே எடுக்கலாம், ஆயிலையும் பேடையும் மாற்றிவிட்டு. எம்340ஐ வகையறாவை இருங்காட்டுக்கோட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ட்ராக்குக்கென்று உள்ள பேடு, சூடு தாங்குகிற ஆயில் போட்ட பிறகு, ஐந்தாறு ட்ராக் டே பார்த்த பிறகு.

மச்சினன் போன மாதம் அம்பாசமுத்திரத்தில் ஒருவரிடமிருந்து பழைய ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கியிருக்கிறான், வெள்ளை, பின்கதவில் ஒடுக்கு. அண்ணாச்சி பட்டறையில் நிற்கிறது. எடையைக் குறைக்கப் பின்சீட்டைக் கழற்றிவிடலாம் என்று அவன் சொல்ல, அண்ணாச்சி ஸ்பேனரை எடுக்க, பட்டறை வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கின என் மாமியார், "சீட்டு இருக்கட்டும்யா, ஆவணித் திருழாவுக்குத் திருச்செந்தூருக்கு எதுல போக?" என்றார்கள். சீட்டு இருக்கிறது.